கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவன்

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கு வாங்கியவர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள் போனால் வாக்கும் போயிற்று என்று நான் வாதாடப் போவதில்லை. அந்த மாதிரி வாதமெல்லாம் எனக்கு நானே நிறைய செய்து பார்த்தாயிற்று, ஒன்றும் நிற்கவில்லை. ஒரே ஒரு மரியாதை மட்டும் செய்கிறேன். யார் பெயரையும் எழுதவில்லை, எந்தக் கல்லூரி என்றும் எழுதவில்லை. கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, அவ்வளவுதான். தெரிந்தவர்கள் தெரிந்துகொண்டு என்னைத் திட்டட்டும்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் எங்கள் இரண்டு கல்லூரிக்கும் ஃபுட்பால் மேட்ச் நடக்கும். ஒரு வருஷம் கடலூரில், மறு வருஷம் சிதம்பரத்தில். கோப்பை என்று ஒன்று இருந்தது. பித்தளை, ஒரு காது உடைந்து ஈயம் வைத்து ஒட்டியது. பழைய பாத்திரக் கடையில் போட்டால் ஒரு குண்டான்கூடத் தேறாது. அதற்காக மண்டை உடைந்திருக்கிறது, பஸ் கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒன்றாகப் பள்ளிக்கூடம் படித்து வேறு வேறு கல்லூரியில் சேர்ந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போயிருக்கிறார்கள். டிரா ஆனால் கோப்பை நகராது, ஏற்கெனவே யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே இருக்கும். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வந்து இறங்கும்போது நாங்கள் "கொத்சு! கொத்சு!" என்று கத்துவோம். சிதம்பரத்துக்காரனுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது, கத்தரிக்காய் கொத்சைத் தவிர என்பது எங்கள் கணக்கு. அவர்கள் பதிலுக்கு "ஜெயிலு! ஜெயிலு!" என்பார்கள். கடலூர் என்றால் ஊர் உலகத்துக்கே மத்தியச் சிறைதானே. வாத்தியார்கள் நடுவில் நின்று கையை விரித்துத் தடுத்தபடியே அவர்களும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்து முடித்ததும் வேறு ஒன்று வரும்.

எங்கள் கோல் கம்பங்களுக்கு வலை கிடையாது. வாங்கிக் கட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது, அதனால் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். வலை இல்லாவிட்டால் உள்ளே போன பந்தும் வெளியே போன பந்தும் ஒரே முள்வேலியில்தான் போய் விழும். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ரெஃப்ரி ஓடி வந்து பார்ப்பதற்குள் அது கோலியின் கையில் இருக்கும். எங்களுக்கு ரொம்ப முன்னால் படித்தவர்கள் காலத்தில் இதில் பெரிய அடிதடி நடந்து, போலீஸ் வரைக்கும் போய், கடைசியில் இரண்டு கல்லூரி மாணவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் ஒரு சாட்சி நிற்பான். எந்த அணி அந்தக் கோலைக் காக்கிறதோ, அந்தக் கல்லூரிக்காரனே நிற்பான். ஆமாம், சொந்தக் கட்சிக்காரன்தான். தன் கட்சிக்கு எதிராகச் சொல்வதற்குத்தான் அவனை அங்கே நிறுத்துவது.

அவன் வெள்ளைச் சட்டை போட்டிருக்க வேண்டும். செருப்பு கூடாது. மேட்ச் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, தன் அணி கோல் போட்டால்கூடக் குதிக்கக் கூடாது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் எதிரணிக் கேப்டன் வந்து தங்கள் கல்லூரி ரிப்பனை அவன் மணிக்கட்டில் கட்டுவான். அன்றைக்கு அவன் அவர்கள் ஆள் என்று அர்த்தம். ரெஃப்ரிக்குச் சந்தேகம் வந்தால் விசில் அடித்துவிட்டு அவனைப் பார்ப்பார். வலது கையைத் தூக்கினால் கோல். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டால் கோல் இல்லை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

பயந்துதான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முந்தைய வருஷம் நின்ற சீனியர், சிதம்பரம் கிரவுண்டில் எங்களுக்கு எதிராகக் கை தூக்கினார். எங்களுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒருத்தன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஆலப்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி அவருக்குத்தான் முதலில் டீ வாங்கிக் கொடுத்தோம். பிறகு எங்கள் ஆட்கள் இரண்டு கோல் போட்டு ஜெயித்த ஆட்டம் அது. இருந்தாலும் எங்கள் கல்லூரியில் ரொம்ப நாள் பேசியது அந்த இரண்டு கோலைப் பற்றி அல்ல, அவர் தூக்கிய கையைப் பற்றித்தான். எங்களுக்கு அதில்தான் பெருமை ஜாஸ்தி.

அடுத்த வருஷம் என்னை நிறுத்தினார்கள். எனக்கு ஆடத் தெரியாது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன், எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். "இவன் பொய் சொல்ல மாட்டான்டா" என்று சீனியர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தபோது, வீட்டுக்குப் போய் இதைச் சொல்லாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. அக்கா அந்த வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போட்டுத் துவைத்து, தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "மாப்ள மாதிரி கெளம்புற, பந்தத் தொடவாவது வுடுவாங்களா?" என்று கேட்டாள். தொடவே கூடாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்குச் சிதம்பரம் கேப்டன்தான் என் கையில் ரிப்பன் கட்டினார். அரக்கு நிறம். ஆள் நெட்டையாக, மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தார். "பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர் அவர்களுடைய ஃபார்வர்டு. ஒல்லியாக, கறுப்பாக, சிரித்த முகம். என்னைப் பார்த்து, "சட்ட இன்னாங்க இந்தப் பளபளப்பு பளபளக்குது, கண்ணு கூசுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாட்சி சிரிக்கலாமா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

முந்தின நாள் மழை. மைதானம் சேறாகக் கிடந்தது. ஆளுக்கு ஒரு கோல் போட்டு ஆட்டம் இழுத்துக்கொண்டே போயிற்று. இப்படியே முடிந்தால் கோப்பை எங்களிடமே இருக்கும். முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து வந்து விழுந்த இடத்தில் பத்துப் பேர் முட்டி மோதினார்கள். அந்தக் கறுப்பு ஃபார்வர்டு எங்கிருந்தோ புகுந்து காலை நீட்டினார். பந்து எங்கள் கோலியின் கைக்கு அடியில் புகுந்து, சேற்றில் மெதுவாக உருண்டு வந்தது. என்னை நோக்கித்தான் வந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. தாண்டி ஒரு சாண் வந்து நின்றது. சுண்ணாம்பு பந்தில் ஒட்டியிருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. எங்கள் கோலி திரும்பி விழுந்து, பந்தை வாரி இழுத்து, வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொண்டான்.

விசில் அடித்தது. ரெஃப்ரி என்னைப் பார்த்தார்.

கோலி திருவதிகைக்காரன், என் வகுப்புத்தான். சேற்றில் படுத்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "வேணாண்டா" என்றான். எனக்கு மட்டும்தான் கேட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு சத்தமில்லை, எல்லாக் கண்ணும் என் மேல். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் கெஞ்சியதால் அல்ல. கோப்பைக்காகவும் அல்ல. இத்தனை பேரையும் இந்தக் கணத்தில் சந்தோஷப்படுத்த என்னால் முடியும் என்று தோன்றியது. அதுவரை என்னால் யாரும் சந்தோஷப்பட்டதில்லை. கையைக் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் பக்கம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். சிதம்பரத்துக்காரர்கள் "பொய்யி! பொய்யி!" என்று பாய்ந்து வந்தார்கள், கேப்டன்தான் முதலில். என் சட்டையைப் பிடித்திருப்பார். குறுக்கே வந்து விழுந்தது யார் தெரியுமா? அந்தக் கறுப்பு ஃபார்வர்டுதான், கோல் போட்டவரே. கேப்டன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார்.

"டேய், நில்றா! சாட்சி சொல்லிட்டாருடா. அவுங்க சாட்சி அவுங்களுக்கு எதிரா எத்தினி தடவ கை தூக்கியிருக்காங்க? அன்னைக்கெல்லாம் வாங்கிக்கிட்டோம் இல்ல? இன்னைக்கு மட்டும் கசக்குதா?"

"நீதானடா அடிச்ச! உள்ள போனத நீ பாக்கல?"

"பாத்தேன்னுதான் நெனச்சேன். அவரு கிட்டக்க நிக்கிறாரு, நான் கீழ கெடந்தேன். முடிஞ்சுது வுடு."

பிறகு என்னிடம் வந்தார். சேறு அப்பிய கையைத் தன் டவுசரில் துடைத்துவிட்டு நீட்டினார். நான் பிடித்தேன். "சட்ட அழுக்காயிடப்போவுது, பாத்து" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தக் கையை நான் பிடித்திருக்கக் கூடாது.

அவரை அவர்கள் கல்லூரியில் என்ன பாடு படுத்தினார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடலூர்க்காரனிடம் விலை போய்விட்டான் என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்திருக்கிறார்கள். கேப்டன் அவரை ஓங்கி அறைந்தாராம். அடுத்த வருஷம் அணியில் அவரைச் சேர்க்கவில்லை. மேட்ச் பார்க்க வந்தபோது அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். சின்ன வயதிலிருந்து ஒரே தெருவில் ஆடி வளர்ந்த கூட்டம் அது, கல்யாணம் காட்சி என்று எதற்கும் அதன் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் அவர் வாயாலேயே நான் கேட்டது ஐந்தாறு வருஷம் கழித்து. எப்படித் தெரியுமா? என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் அவர்தான்.

நான் காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை எழுந்து நிற்கிறாரே என்று என் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "நீங்கதான அந்த வெள்ளச் சட்ட?" என்றார். அவர் தன் அம்மா பக்கம் திரும்பி, "யம்மா, நான் சொல்லல, கடலூர் காலேஜ் சாட்சி? இவருதான். இவுங்க வூட்லன்னா கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்" என்றார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அக்கா அடுக்களையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னாலதான்டா" என்று கண் கலங்கினாள். நான் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அக்கா கல்யாணம் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. கல்யாணம் ஆன பிறகு, அக்கா வாழ்க்கையில் நாமே ஏன் கொள்ளி வைப்பது என்று சொல்லவில்லை. பிள்ளை பிறந்த பிறகு, இனிமேல் எதற்கு என்று சொல்லவில்லை. சாக்குக்கா பஞ்சம்? வருஷத்துக்கு ஒன்று கைவசம் இருந்தது.

மாமா, அதாவது அக்கா புருஷன், புவனகிரியில் உரக்கடை வைத்திருந்தார். அவர் அப்பா வைத்த கடை. அவர் மாதிரி ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை, அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நான் போகும்போதெல்லாம் கடைக்கு வந்திருப்பவர்களிடம் என்னைக் காட்டி, "எம் மச்சான். சாட்சி நின்னவரு. சொந்தக் கட்சியா இருந்தாலும் உள்ளது உள்ளபடி சொல்ற ஆளு" என்பார். யூரியா வாங்க வந்தவன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான். நான் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் லேப் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

அவருக்கு ஒரே பெண். அவளை ஃபுட்பால் ஆட வைத்தார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு சவுக்குக் கழியை நட்டு, சோறு ஊட்டும் வயதிலேயே சாட்சிக் கதையைச் சொல்லி வளர்த்தார். இன்றைக்கு அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் பிள்ளைகள் ஆடுவதை ஒருமுறை பார்த்தேன். பந்து கையில் பட்டால் பட்ட பிள்ளையே நின்று கை தூக்குகிறது. ரெஃப்ரி பார்க்காவிட்டாலும் தூக்குகிறது. "மாமா, எல்லாம் ஒங்ககிட்டேருந்து வந்ததுதான்" என்றாள் என்னிடம். நான் வெயிலைச் சாக்கு வைத்து நிழலுக்கு நகர்ந்துவிட்டேன்.

மாமாவுக்குச் சர்க்கரை வந்து, அது முற்றி, இரண்டு கிட்னியும் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். சனிக்கிழமை என் முறை. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் பெண்ணிடமும் அதே கதைதான். "இவரு யார் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அந்தப் பெண் ஊசியைக் குத்திக்கொண்டே ஊம் கொட்டும்.

அவர் உடம்பு வற்றிக்கொண்டே போன நாட்களில் ஒரு ஆசையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய டீம் ஆட்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். கேப்டன் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள், மாமாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை.

"நான் காசு வாங்கலன்னு அவனுக்கு யாரு மச்சான் போயி சொல்றது? நானே சொன்னா நம்ப மாட்டான். செத்தாலும் வர மாட்டான் போல."

சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"மாமா, அது கோலு."

"எது?"

"அன்னைக்கு நீங்க அடிச்சது. பந்து கோட்டத் தாண்டிச்சு மாமா. ஒரு சாண் உள்ள வந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையக் கட்டுனேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் பேசிக்கொண்டே போனேன். கேப்டனிடம் நானே போய்ச் சொல்கிறேன், காலில் விழுகிறேன், எல்லாரையும் கூட்டி வருகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நான் பாத்தேன் மச்சான்" என்றார். "உள்ள போனத நான் பாத்தேன். நீ கையக் கட்டுன. சரி, நம்ம கண்ணுலதான் சேறு பட்டுடுச்சி போலன்னு நெனச்சிக்கிட்டேன். இத்தினி வருசமா எங் கண்ண நான் நம்பல. ஒன்ன நம்புனேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எழுந்து போயிடு" என்றார். சத்தம் போடவில்லை. நான் அழுதுகொண்டே வெளியே வந்து, அன்றைக்கு அவரை வீட்டுக்கு அழைத்துப் போக அக்காவுக்குப் போன் செய்தேன். தலைவலி என்று சொன்னேன். அதுவும் பொய்.

அடுத்த சனிக்கிழமை நான் போகவில்லை. அதற்கு அடுத்ததும் போகவில்லை. அக்கா போன் செய்து, "இன்னாடா ஒங்களுக்குள்ள? ஒன்னத்தான் வரச் சொல்றாரு" என்றாள். போனேன். ஆள் பாதியாகியிருந்தார். மெஷினில் படுக்க வைத்து நர்ஸ் போன பிறகு, ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போடச் சொன்னார்.

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல மாமா. நீங்க சொல்லாம எப்பிடி?"

"சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத. ஒங்கக்காகிட்டகூட."

"ஏன் மாமா? ஒங்க பேரு கெட்டுக் கெடக்குதே."

"எம் பேரு கெட்டு எத்தினி வருசமாச்சி, பழகிடுச்சி. எம் பொண்ணு அங்க புள்ளைங்களக் கை தூக்க வெச்சிக்கிட்டு இருக்குது. பொய்யின்னு தெரிஞ்சா அதுக்கு இன்னா மச்சான் மிஞ்சும்?" மூச்சு வாங்கியது. "அது நெசமாவே இருக்கட்டும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் கையில் ஊசி குத்தியிருந்ததால் மற்ற கையைப் பிடித்துப் பண்ணினேன். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், ரெண்டு சுளை தின்றார். அன்றைக்கு நர்ஸ் வந்தபோது என்னைக் காட்டி அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் போய்விட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன்னயே தேடிக்கிட்டு இருந்தாருடா" என்று கதறினாள். எதற்குத் தேடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் எடுக்கிற நேரத்தில் தெரு முனையில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வயதானவர்கள், ஒருவர் கைத்தடியோடு. முன்னால் வந்தவரை அந்த மீசையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். மீசை முழுக்க நரைத்திருந்தது, முறுக்கவும் இல்லை. கையில் ஒரு மாலை. அவர் நேராக உள்ளே போகவில்லை. என்னிடம் வந்து நின்றார். மற்றவர்களும் பின்னால் நின்றார்கள். மாமாவின் பெண் தலைமாட்டிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு என்னத் தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

"அவன் மூஞ்சியில முழிக்காம இத்தினி வருசம் இருந்துட்டேன். அறைஞ்சது வேற." மாலையை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொணம் கெடக்குற எடத்துல பொய் சொல்ல மாட்டீங்க. அது கோலா, இல்லையா?"

என் வலது கை தானாகவே மேலே போகப் பார்த்தது. தூக்கிவிட்டு நடந்ததைச் சொன்னால் போதும். மாமா காசு வாங்கவில்லை, என்னைத்தான் நம்பினார் என்று இந்த ஏழெட்டுப் பேருக்கும் தெரிந்துவிடும். அவர் தெருவில் அவர் பேர் நிமிர்ந்துவிடும். என் பாரமும் இறங்கிவிடும். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டேன்.

கேப்டன் என் கையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். உள்ளே போய், மாலையைப் போட்டுவிட்டு, மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுதான்டா சரி, நீ சொன்னதுதான்டா சரி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். அவர் ஆசைப்பட்டபடியே எல்லாரும் வந்துவிட்டார்கள். அவரைத் தூக்கியதும் அவர்கள்தான்.

வாழ்க்கையில் அவர் போட்ட ஒரே பெரிய கோலை நான் இரண்டு தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். முதல் தடவை எனக்காக. இரண்டாம் தடவை அவர் கேட்டுக்கொண்டதற்காக. முதல் தடவை ஊரே கத்தியது. இரண்டாம் தடவை, சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது, ஒரே பிள்ளை என்று தானே கொள்ளி வைக்க வந்திருந்த அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நடந்தாள். கட்டிய கையை நான் இன்னும் பிரிக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் என் கையைப் பிரித்து, தன் கையோடு கோத்துக்கொண்டு, வீடு வரைக்கும் விடாமல் நடந்தாள்.